சம்ப் இல்லாத உப்புநீர்த் தொட்டி: கேனிஸ்டரா, ஸ்கிம்மரா?

சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும், நீரை வடிகட்டும் துணைத் தொட்டி) வைக்க இடமில்லாத பெரிய உப்புநீர் மீன் தொட்டிக்கு முதலில் எதை வாங்குவது? கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா வடிகட்டி) நீரைப் பளிங்குபோல ஆக்கும், சத்தமும் குறைவு. ஆனால் அதில் சிக்கும் கழிவு உள்ளேயே அழுகி, கடைசியில் நைட்ரேட்டாக நீரில் சேர்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பஞ்சைக் கழுவியாக வேண்டும். மின்சாரம் பல மணி நேரம் போனால் மூடிய டப்பாவுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகும். அப்புறம் அதைக் கழுவாமல் ஓடவிட்டால் மீன்களுக்கு ஆபத்து.

தொட்டி விளிம்பில் தொங்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், கரைந்த கழிவை அழுகுமுன்பே நுரையாக வெளியேற்றிவிடும். நீரில் காற்றும் கலக்கும். புதிதில் நுரை பொங்கித் தரையை நனைக்கும், சரி, பழகிவிடும். மீன் கழிவில் வரும் நச்சான அம்மோனியாவைச் சிதைக்க லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை) போதிய அளவு இருந்தால் என் ஓட்டு ஸ்கிம்மருக்கே. கேனிஸ்டரை, நீரின் நிறத்தையும் வாடையையும் உறிஞ்சும் கார்பன் போட மட்டும் வைத்துக்கொள்ளலாம்.