சாரல் காலத்தில் ஒரு பில்ட்வேர்ல்டு: ஃப்ரீபிஎஸ்டியை மூலநிரலிலிருந்து இருமுறை மேம்படுத்திய அனுபவம்

செங்கோட்டையில் என் சித்தப்பாவின் மரக்கடை அலுவலகத்தில் எட்டு ஜிபி நினைவகம் கொண்ட ஒரு பழைய ஐ3 கணினி இருக்கிறது. கடையின் கணக்குத் தரவுத்தளமும், மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் உள்ள கிளையோடு பகிரும் கோப்புகளும் அதில்தான் உள்ளன. 2019-இல் அதில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பை நிறுவினேன்; பிறகு 2021-இல் 13-க்கும், 2024-இல் 14-க்கும் மூலநிரலைக் கம்பைல் செய்தே (கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றியே) மாறினேன். மழையில் மர வியாபாரம் மந்தமாகிவிடும் என்பதால், இரண்டு முறையும் சாரல் காலத்தையே தேர்ந்தெடுத்தேன்.

கம்பைல் செய்து முடித்த கோப்புகளை நேரே இறக்கித் தரும் ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் என்ற கருவி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். சித்தப்பா கேட்கவே செய்தார்: "ஓடத்தான செய்யுது, எதுக்குல அதப் பிரிச்சுப் போடுத?" வேகம் கூடும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை, கூடவும் இல்லை. என் கர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) நானே சாதன இயக்கிகளைக் குறைத்து அமைத்தது. அதை அந்தக் கருவி கவனிக்காது. அதைவிட, மூலநிரல் அடைவில் அப்டேட்டிங் என்றொரு கோப்பு இருக்கிறது. எந்த நாளில் எது மாறியது, அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் புதியது முதலாகத் தேதிவாரியாகச் சொல்லும் அந்தக் கோப்பை வாசித்த பிறகுதான் எனக்குக் கட்டளையைத் தட்டும் துணிவு வருகிறது.

மூலநிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி 2020 டிசம்பரில் சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு மாறியதால், 13-க்குப் போகும்போது பழைய அடைவை அழித்துவிட்டுப் புதிதாக இறக்க வேண்டியிருந்தது. அது ஓர் இரவு வேலை, அவ்வளவுதான்.

கர்னல் நீங்கலாக மற்ற அமைப்பு நிரல்கள் எல்லாவற்றையும் கம்பைல் செய்யும் பில்ட்வேர்ல்டு கட்டளையை மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் நள்ளிரவைத் தாண்டும். அதில் பெரும்பகுதி நேரத்தைக் கிளாங் என்ற கம்பைலரைக் கம்பைல் செய்வதே தின்றுவிடும். 2021-இல் புளியரைப் பக்கம் காற்றில் மரம் விழுந்து மின்சாரம் போனபோது வேலை பாதியில் நின்றது. பதறத் தேவையில்லை, இந்தக் கட்டத்தில் எழுதப்படுவதெல்லாம் தனி அடைவுக்குள்தான், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை அது தொடுவதே இல்லை. முன்பு கம்பைல் ஆனவற்றைத் துடைக்காமல் தொடரச் சொல்லி மறுபடியும் ஓட்டினேன்.

கவனம் வேண்டிய இடம் அதற்குப் பிறகு வருகிறது. முதலில் புதிய கர்னலை நிறுவி, மறுதொடக்கம் செய்து, அது நன்றாக எழுகிறதா என்று பார்த்த பிறகே மற்ற நிரல்களை இன்ஸ்டால்வேர்ல்டு மூலம் நிறுவ வேண்டும். புதிய கர்னலின் மேல் பழைய நிரல்கள் பெரும்பாலும் ஓடும்; பழைய கர்னலின் மேல் புதிய நிரல்கள் ஓடும் என்று நம்ப முடியாது. பழுதுபார்ப்புக்கான ஒற்றைப் பயனர் நிலையில் கணினியை எழுப்பினால், ஷெல்லின் (கட்டளைகளை வாங்கும் நிரலின்) முழுப் பாதையைக் கேட்டுக் கருந்திரையில் ஒரு வரி வந்து நிற்கும். என்டரைத் தட்டி உள்ளே போய், ரூட் எனப்படும் அடிப்படைக் கோப்பு முறைமையை எழுதத் தக்கதாக மாற்றிய பின்னரே நிறுவல் நடக்கும்.

முதல் மேம்பாட்டில் நான் சறுக்கியது மெர்ஜ்மாஸ்டர் என்ற கருவியில். அமைப்புக் கோப்புகளின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிட்டுக் காட்டி, கோப்புக்குக் கோப்பு அது பதில் கேட்கும். எம் என்றால் இரண்டையும் இணைக்கும், ஐ என்றால் புதியதையே வைக்கும். தூக்கக் கலக்கத்தில், பயனர் குழுக்களின் பட்டியலான குரூப் கோப்புக்கும் ஐ-யைத் தட்டிவிட்டேன். கணக்கர்களுக்கென நான் உண்டாக்கியிருந்த குழு மறைந்தது. கோப்புகளின் உரிமையாளர் பட்டியலில் பெயர் இருந்த இடத்தில் வெறும் எண் நின்றது. திங்கட்கிழமை புனலூரிலிருந்து, எதுவும் திறக்கவில்லை என்று தொலைபேசி வந்த பிறகே விளங்கியது. 14-க்கு மாறும்போது அதற்குப் பதிலாக ஈடிசி-அப்டேட் என்ற கருவியைப் பயன்படுத்தினேன். நாம் செய்த மாற்றங்களைத் தானே இணைத்துவிட்டு, முரண்படுவதை மட்டும் நம்மிடம் கொண்டுவருவதால் அது எவ்வளவோ மேல்.

ஆனால் 14-இல் வேறொரு தவறு செய்தேன். அதில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் 1.1.1 பதிப்பு போய் 3.0 வந்துவிட்டது. வெளியிலிருந்து நிறுவிய மென்பொருள்களைப் புதுப்பிக்கும் முன்பே, பழைய நூலகங்களை நீக்கும் டெலீட்-ஓல்டு-லிப்ஸ் கட்டளையைக் கொடுத்துவிட்டேன். 'லிப்கிரிப்டோ.எஸ்ஓ.111' கிடைக்கவில்லை என்று ஒரே வரி சொல்லிவிட்டு, கணக்குத் தரவுத்தளத்தை ஓட்டும் போஸ்ட்கிரெஸ் எழ மறுத்தது. வேறு நூலகங்களை நம்பாமல் தனித்து ஓடும் பிகேஜி-ஸ்டாட்டிக் என்ற நிறுவல் கருவி இருந்ததால், எல்லாத் தொகுப்புகளையும் கட்டாயமாக மறுநிறுவல் செய்ய முடிந்தது. கடை திறப்பதற்குள் தரவுத்தளம் எழுந்துவிட்டது.

மேம்படுத்தும் முன்பு பிஇசிடிஎல் என்ற கருவி கொண்டு ஒரு துவக்கச் சூழலை (தவறு நேர்ந்தால் திரும்பிப் போக, பழைய அமைப்பின் நகலை) எடுத்து வைத்திருந்தேன். இதற்கு இடம் தரும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இருப்பவர்கள் இதைச் செய்யாமல் இன்ஸ்டால்வேர்ல்டைத் தொடவே கூடாது என்பேன். வட்டின் பூட் பகுதியில் உள்ள லோடரை (கர்னலை ஏற்றும் நிரலை) இன்ஸ்டால்வேர்ல்டு புதுப்பிப்பதில்லை என்பதால், அதை நாமே நகலெடுத்து வைக்காமல் இசட்எஃப்எஸ் வட்டு அமைப்பைப் புதிய வடிவத்துக்கு உயர்த்தும் இசட்பூல் அப்கிரேடு கட்டளையைக் கொடுப்பதும் ஆபத்து. என் 13-இன் துவக்கச் சூழல் மூன்று மாதம் வட்டிலேயே கிடந்தது. கணக்கு ஆவணங்களின் ஸ்கேன்களுக்கு இடம் போதாமல் போனபோதுதான் அதை நீக்கினேன்.