வேலூரில் பழைய புரொஜெக்டரை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

அப்பா, தாத்தா காலத்து 8 எம்.எம். புரொஜெக்டரைப் பரணில் வைத்திருப்பவர்கள் காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இது அவர்களுக்குத்தான். ஊருக்குள் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் "எந்தக் காலத்து புரொஜெக்டரா இருந்தாலும் ஓட வைப்பேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். விஷயம் புகாருக்குப் போகிறது, அதனால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது எல்மோ கம்பெனி மெஷின், 8 எம்.எம். ஃபிலிமில் சூப்பர் 8 என்கிற வகையை ஓட்டுவது. அப்பா தோல் கம்பெனியில் இருந்தபோது சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தது. மோட்டார் சுற்றும், பல்பும் எரியும், ஆனால் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிப்போயிருந்தது. இந்த வயது மெஷின் எல்லாவற்றிலும் நடப்பதுதான், நம்ம ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். அளவு பார்த்து வேறு பெல்ட் போட்டு, காய்ந்துபோன கிரீஸை எடுத்துவிட்டால் முடிந்த வேலை. கடைக்காரரோ திறந்து பார்ப்பதற்கு முன்பே மோட்டார் காயில் போய்விட்டது, ரீவைண்டிங் பண்ண வேண்டும், பல்ப், பெல்ட், ஃபுல் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 6500 ரூபாய் என்றார். மோட்டார் சுற்றுகிறதே என்று கேட்டதற்கு "சுத்தும் சார், லோடு குடுத்தா நின்னுடும்" என்று பதில். சரி, செய்யட்டும் என்று 4000 அட்வான்ஸ் கொடுத்தேன். டெஸ்ட் பண்ணுவதற்கென்று ஒன்றுக்கும் ஆகாத பழைய வெற்று ஃபிலிம் துண்டு ஒன்றையும் கொடுத்து, இதை மட்டும் ஓட்டுங்கள் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கடைப் பையன் வீட்டுக்கு வந்து, "அம்மா, அண்ணன் ஒரு ரீல் வாங்கினு வரச் சொன்னாரு" என்று கேட்டிருக்கிறான். அம்மாவும் நான்தான் சொல்லி அனுப்பியிருப்பேன் என்று டப்பாவில் மேலே இருந்த ரீலை எடுத்துக் கொடுத்துவிட்டார். அது 1981ல் எடுத்தது. கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயிலில் சாமியை மறுபடி பிரதிஷ்டை செய்த வருஷம், அப்போது கோட்டைக்குள் கூடிய கூட்டத்தை அப்பா எடுத்திருக்கிறார், அந்தக் கூட்டத்துக்குள் தாத்தா நடந்து வருவார். 50 அடி, 3600 பிரேம், அதாவது 3600 தனித்தனிப் படங்கள், வினாடிக்கு 18 பிரேம் வேகத்தில் ஓட்டினால் 3 நிமிடம் 20 வினாடி. தாத்தா அசைகிற படம் எங்களிடம் அது ஒன்றுதான்.

ரீல் திரும்பி வந்தபோது முதல் பத்துப் பன்னிரண்டு அடிக்கு, மெஷின் பிடித்து இழுப்பதற்காக ஃபிலிம் ஓரத்தில் இருக்கும் துளைகள் கிழிந்திருந்தன, மீதி நீளம் முழுக்க நேர்க்கோடு, திரையில் பார்த்தால் மழை கொட்டுகிறது. "படம் பழசு சார், சுருங்கிப் போய் கீது, மெஷின் இன்னா பண்ணும்?" என்றார். படம் சுருங்கும் என்பது உண்மைதான், அசிடேட் ஃபிலிம் கெட ஆரம்பித்தால் டப்பாவைத் திறந்ததுமே வினிகர் நெடி அடிக்கும், அப்படிப்பட்டதை புரொஜெக்டரில் ஏற்றவே கூடாது. எங்கள் ரீலில் அந்த நெடியே இல்லை, போன பொங்கலுக்குக்கூட நண்பர் வீட்டு மெஷினில் தடங்கல் இல்லாமல் ஓடிய படம் அது.

வீட்டில் மெஷினைத் திறந்த பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. படம் நின்று நின்று போகும் கேட்டை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறார். அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் அழுக்கை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அதற்கும் போகாவிட்டால் மரக்குச்சியால் நெம்பி எடுப்பார்கள். இரும்போ உப்புத்தாளோ பட்டால் சொரசொரப்பாகி, அதன்மேல் ஓடுகிற ஒவ்வொரு அடியையும் கீறும். பேஸ் பக்கம், அதாவது ஃபிலிமின் வெறும் பிளாஸ்டிக் பக்கம் விழுந்த கீறலை நல்ல லேபில் ஓரளவு மறைத்துவிடலாம், படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பக்கம் கீறினால் அந்த இடத்துப் படமே போய்விட்டது என்று அர்த்தம். எங்களுக்கு இரண்டு பக்கமும்.

பெல்ட் இருந்த இடத்தில் டேப் ரெக்கார்டரில் போடுகிற மெல்லிய பெல்ட்டை இழுத்து மாட்டியிருந்தார், அது வழுக்கி வழுக்கி வேகம் ஏறி இறங்குகிறது. எண்ணெயை ஊற்றியே விட்டார் போல, கேட்டிலும் ஷட்டரிலும்கூடத் தெறித்திருக்கிறது. பல்பு இன்னும் மோசம். இதற்கு 12 வோல்ட் 100 வாட் புரொஜெக்டர் பல்பு வேண்டும், அதன் ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை கேட்டில் இருக்கும் சின்ன ஜன்னலில் ஒரே புள்ளியாகக் குவிக்கும். அதைக் கழற்றிக்கொண்டு துணிக்கடை ஷோகேஸில் மாட்டுகிற 50 வாட் ஸ்பாட் லைட்டின் கால்களை வளைத்துத் திணித்திருக்கிறார். பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் அது வெளிச்சத்தைப் பரப்புகிற பல்பு, திரையில் மங்கலாகத்தான் விழும். கண்ணாடி முழுக்க விரல் ரேகை வேறு. ஹாலஜன் பல்பை வெறும் கையால் தொடக்கூடாது என்பதுகூடத் தெரியாதவர் ஃபுல் சர்வீஸ் செய்கிறாராம். மோட்டார் காயிலைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை, பழைய வார்னிஷ் அப்படியே இருக்கிறது.

லென்ஸையும் மாற்றிவிட்டார். எங்களுடையது எல்மோவின் f/1.3 ஜூம் லென்ஸ். வந்திருப்பது வேறு ஏதோ மெஷினின் லென்ஸ், உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறது, பொருந்துவதற்காக செல்லோ டேப் சுற்றியிருக்கிறது. கேட்டால் "நீங்க குடுத்ததே இதான் சார்" என்கிறார்! கொடுப்பதற்கு முன் லென்ஸ், பல்பு, உள்பாகம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைக் காட்டியதும் பேச்சை மாற்றி மீதி 2500 எப்போது தருகிறீர்கள் என்று ஆரம்பித்துவிட்டார். இந்த லட்சணத்தில், ரீல்களைக் கொடுத்தால் பென்டிரைவில் ஏற்றித் தருவதாகவும் சொல்கிறார். சுவரில் படத்தை விட்டு மொபைலில் எடுப்பதுதான் அவர் ஸ்கேன், விட்டு விட்டு மினுங்கும். அதற்கும் ரீலை அதே கேட் வழியாகத்தானே ஓட்டுவார்.

யாரிடம் கொடுப்பதானாலும் முதலில் ஒன்றைக் கவனியுங்கள், உங்கள் படம் ரெகுலர் 8ஆ சூப்பர் 8ஆ என்று அவர் கேட்கிறாரா? 1932ல் வந்த ரெகுலர் 8ல் துளை பெரியது, இரண்டு பிரேமுக்கு நடுவில் இருக்கும். 1965ல் வந்த சூப்பர் 8ல் துளை சின்னது, பிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும். ஒன்றுக்கான மெஷினில் மற்றதை விட்டால் படத்தை இழுக்கும் கொக்கி துளையைக் கிழித்துவிடும். இதைக் கேட்காமலே விலை சொல்கிறவரிடம் மெஷினை விட்டுவிட்டு வராதீர்கள். கழற்றுகிற பழைய பாகமெல்லாம் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் யார் வந்து கேட்டாலும் ரீல் தரக்கூடாது என்று சொல்லி வையுங்கள்.

அட்வான்ஸுக்கு பில் வாங்கியிருந்தேன், அதையும் படங்களையும் சேர்த்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நடந்த 2 வருஷத்துக்குள் போட வேண்டும், அதனால் இவரிடம் ஏற்கெனவே ஏமாந்தவர்களும் போடலாம். ரீலைக் கொக்கி இல்லாமல் உருளைகளில் ஓட்டி ஸ்கேன் செய்கிற இடத்துக்கு அனுப்பப் பார்க்கிறேன், கிழிந்த துளையோடு அதில்தான் ஓடும்.

அப்புறம், எல்மோ 1.3 ஜூம் லென்ஸ் ஒன்று, முன்வளையத்தில் மூன்று மணி முள் இருக்கும் இடத்தில் ஒரு நசுங்கலோடு, எங்காவது விற்பனைக்கு வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.