டாருகானாவுக்குப் போன தீயணைப்பு டக்: பம்ப், மானிட்டர், ஸ்ட்ரெய்னர் பற்றிக் கொஞ்சம்

மும்பை துறைமுகத்தில் நான் பல வருடம் என்ஜின் ரூமில் வேலை பார்த்த டக்கை (பெரிய கப்பல்களை இழுக்கும், தள்ளும் சின்னக் கப்பல்) டாருகானாவில், கப்பல் உடைக்கும் இடத்தில், உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். ஆன்டாப் ஹில்லில் நம்ம பையன்கள் சிலர் டக் வேலைக்குச் சேருகிறார்கள், "அண்ணே, தீயணைப்புச் சாமானெல்லாம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் எழுதுகிறேன்.

தரம் ஃபைஃபை-1, அதாவது தீயணைப்புக் கப்பல்களுக்கான தரத்தில் ஒன்று. இரண்டு மானிட்டர் (தண்ணீர் பீய்ச்சும் பீரங்கி), ஒவ்வொன்றும் மணிக்கு 1,200 கன மீட்டர் கடல்தண்ணீர், 120 மீட்டர் தூரம், 45 மீட்டர் உயரம், 24 மணி நேரத்துக்கு டீசல். பெரிசாத் தெரியும். ஆனால் நியூயார்க்கில் 1931-ல் வந்த ஜான் ஜே. ஹார்வி என்ற தீயணைப்புப் படகு நிமிடத்துக்கு 18,000 காலன், அதாவது மணிக்கு 4,000 கன மீட்டருக்கும் மேல் இறைத்தது! 1994-ல் ஓய்வு கொடுத்த படகை 2001 செப்டம்பர் 11 அன்று திரும்பக் கூப்பிட்டு, கரையில் குழாய்கள் உடைந்து கிடந்ததால் ஹட்சன் ஆற்றுத் தண்ணீரை ஏற்ற வைத்தார்கள்.

சரி, எங்கள் டக். பம்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். உயிரை வாங்கியது சீ செஸ்ட் ஸ்ட்ரெய்னர்தான், அதாவது கப்பலின் அடியில் கடல்தண்ணீர் உள்ளே வரும் இடத்துக்கான வடிகட்டி. மழைக்காலத்தில் ஓடைகள் கொண்டுவந்து தள்ளும் பிளாஸ்டிக் பை, சிவ்ரி பக்கம் தண்ணீர் வற்றினால் சேறு, இரண்டும் சேர்ந்து அடைத்தால் பம்ப் உறிஞ்சும் பக்கத்து அழுத்தத்தைக் காட்டும் சக்ஷன் கேஜ் இறங்கும், பம்ப்புக்குள் ஜல்லியைக் கொட்டினது மாதிரி சத்தம் வரும், அப்புறம் மானிட்டரில் வருவது தூறல்தான். இரட்டை ஸ்ட்ரெய்னர் இருந்ததால் ஒன்றை மூடி இன்னொன்றுக்கு மாற்றிவிட்டுக் கழுவுவோம். ஒற்றை ஸ்ட்ரெய்னர் உள்ள டக் என்றால் எனக்கு வேண்டாம்.

மானிட்டர் இரண்டையும் முழு வேகத்தில் திறந்தால் மூன்று டன் அளவுக்கு டக்கைப் பின்னால் தள்ளும். எங்களுடையதில் பம்ப்பும் புரொப்பல்லரும் ஒரே மெயின் என்ஜினைப் பங்கு போட்டுக்கொள்ளும், டக்கை ஒரே இடத்தில் நிறுத்த மேலே மாஸ்டர் (கேப்டன்) படாத பாடு படுவார். பயிற்சி முடிந்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, மானிட்டர் திரும்பும் மூட்டான ஸ்விவலுக்கு கிரீஸ் அடிக்காவிட்டால் உப்பு பிடித்து அடுத்த முறை திரும்பவே திரும்பாது. தீயின் சூடு படாமல் டக்கின் மேலேயே தண்ணீர் தெளிக்கும் தண்ணீர்த்திரை நன்றாக வேலை செய்தது, அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எனக்கு மானிட்டரைவிட முக்கியம் டெக்கில் பக்கத்துக்கு நான்காக இருக்கும் ஹோஸ் இணைப்புகள். 1944 ஏப்ரல் 14-ல் இதே மும்பையின் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற சரக்குக் கப்பல் எரிந்தபோது 900 டன் தண்ணீருக்கு மேல் ஊற்றினார்கள். எங்கள் மானிட்டர்கள் அதை அரை மணிக்குள் ஊற்றிவிடும். அன்றைக்குப் புகையில் தீ எங்கே என்றே தெரியவில்லை, கடைசியில் கப்பலில் இருந்த வெடிமருந்து வெடித்துவிட்டது. கப்பலின் வயிற்றுக்குள் எரிகிற தீக்கு மேலேயிருந்து பீய்ச்சி என்ன பயன்? ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஆள்தான் இறங்க வேண்டும். அந்த ஹோஸ் வால்வுகளைத்தான் எல்லோரும் பெயின்ட் அடித்தே இறுக்கிவிடுகிறார்கள்.

சேருகிற டக்கில் முதல் நாளே அந்த எட்டையும் கையால் திறந்து பாருங்கள், ஸ்டோரில் ஸ்ட்ரெய்னர் மூடிக்கு மாற்று கேஸ்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.