தனி கைடா, குழு டூரா, ஆடியோ ஆப்பா? புது நகரம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

புது ஊரில் நாலைந்து நாள் தங்கப் போகிறவர்கள் முதல் நாள் காலையில் நான்கு மணி நேரத்துக்கு மட்டும் தனி கைடு அமர்த்திக்கொள்வது நல்லது. மீதி நாட்களுக்கு ஆடியோ ஆப்பும் வரைபடமும் போதும். ஏஜென்சிகள் நம்மிடம் முதலில் நீட்டுவது எட்டு மணி நேரம், காரோடு கைடு என்ற பேக்கேஜை. பெரும்பாலானவர்களுக்கு அது வேண்டாத செலவு. நின்று நின்று கேட்பதில் கால் ஓய்ந்த பிறகு, ஐந்தாவது மணியில் சொல்லப்படும் அரச வம்சம் யார் தலையிலும் ஏறாது.

விதிவிலக்கு உண்டு. கையில் ஒரே நாள் இருப்பவர்கள், கப்பலில் வந்து சாயங்காலம் திரும்ப ஏற வேண்டியவர்கள், முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு வருபவர்கள் ஆகியோருக்கு முழு நாள் கார் நியாயமான செலவுதான்.

செலவுக் கணக்கு

தனி கைடு தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை. குழுவுக்கு மொத்தமாக ஒரு தொகை. குழு டூரில் ஆளுக்கு ஒரு கட்டணம். ஆகவே தனி கைடு கேட்கும் தொகையை, அதே ஊர்க் குழு டூரின் ஓர் ஆள் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். விடை ஐந்து என்று வந்தால், ஐந்து பேர் போகும்போது இரண்டும் சமம். ஆறாவது ஆள் சேர்ந்தால் தனி கைடே மலிவு. இரண்டு பேர் மட்டும் என்றால் இரண்டரை மடங்கு கொடுக்கிறீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் குழு டூரில் பல இடங்களில் சலுகை உண்டு, அதனால் இந்த வகுத்தலில் அவர்களை முழு ஆளாகச் சேர்க்காதீர்கள்.

தொகையில் எது அடக்கம் என்பதில்தான் பிணக்கு வரும். நுழைவு டிக்கெட், போக்குவரத்து, மதியச் சாப்பாடு, நேரம் கடந்தால் கூடுதல் மணிக்கு எவ்வளவு, ஹோட்டலுக்கு வந்து அழைத்துப்போகும் நேரம் சுற்றில் சேருமா என்ற ஐந்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. ஊருக்கு வெளியே தங்கியிருந்தால், நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் ஹோட்டல் வாசலிலும் வழியிலுமே தீர்ந்துவிடும். மெட்ரோ ஏறி முதல் இடத்துக்கே நேராகப் போய்ச் சந்திப்பது மேல்.

தனி கைடில் கூடுதலாகக் கிடைப்பது

தகவல் என்று நினைக்க வேண்டாம். தகவல் ஆப்பிலும் இருக்கிறது, நல்ல புத்தகத்தில் அதைவிட அதிகமாகவே இருக்கிறது. தனி கைடிடம் கிடைப்பது அந்த நேரத்து முடிவுகள். வாசலில் வரிசை நீண்டுவிட்டால் பின்னால் உள்ள இடத்தை முன்னால் இழுப்பார், வெயில் ஏறும் முன் திறந்தவெளியை முடிப்பார், குழந்தை சிணுங்கத் தொடங்கினால் நடுவில் ஒரு பூங்காவைச் செருகுவார். போன கேள்விக்கு நீங்கள் காட்டிய ஆர்வத்தை வைத்து அடுத்த தெருவையே மாற்றுவார். இதில் எதையும் ஒலிப்பதிவால் செய்ய முடியாது. இருபது பேரை வைத்திருக்கும் குழு கைடும் செய்ய மாட்டார். அறிவிப்பில் போட்ட வழியிலேயே அவர் போயாக வேண்டும்.

ஆகவே ஒரு கைடை எடைபோட, எவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார் என்று மட்டும் பார்க்காமல், திட்டத்தைக் கலைத்துப்போடத் தயங்குவாரா என்று பாருங்கள். முன்பதிவுக்கு முன்னால் ஒரு கேள்வி அனுப்புங்கள்: “பெரிய அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு, பழைய குடியிருப்புத் தெருக்களை மட்டும் பார்க்கலாமா?” சரி என்றோ, இந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்றோ யோசித்துப் பதில் எழுதுபவர் நல்ல கைடு. நகலெடுத்து ஒட்டிய இடப்பட்டியல் பதிலாக வந்தால், அவர் எல்லாருக்கும் விற்கும் அதே சுற்றைத்தான் உங்களுக்குத் ‘தனி’ என்று பெயர் மாற்றித் தருகிறார்.

குழு டூர்

எட்டுப் பேர் வரை உள்ள சிறு குழு, இரண்டு பேராகப் போகிறவர்களுக்கு நல்ல நடுவழி. அதற்கு மேல் போனால் வேகம் குறையும்: கூட்டத்திலேயே மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். கழிப்பறைக்கு ஒருமுறை நின்றால் கால் மணி நேரம் போகும். சத்தமான சாலையில் பத்துப் பேருக்கு மேல் வெறும் குரல் எட்டாது, காதில் மாட்டும் ரேடியோ கருவி வேண்டும். அது தருகிறார்களா என்று கேளுங்கள், பின்வரிசையில் நிற்பவருக்கு அதுதான் மொத்த டூரும். ஆட்களின் எண்ணிக்கைக்குச் சில நகரங்களே வரம்பு வைத்துவிட்டன: ஆம்ஸ்டர்டாம் மையப்பகுதியில் 2020 முதல் 15 பேர், வெனிஸில் 2024 முதல் 25 பேர், ஒலிபெருக்கிக்கும் தடை.

‘இலவச நடை டூர்’ என்று வருவதற்குக் கட்டணம் கடைசியில் கையில் கொடுக்கும் அன்பளிப்புதான். பல நிறுவனங்கள் வருகிற தலைக்கு இவ்வளவு என்று கைடிடமிருந்தே வாங்கிக்கொள்கின்றன. ஒன்றும் கொடுக்காமல் நழுவுகிறவர் கைடின் சொந்தக் காசில் டூர் பார்த்துவிட்டுப் போகிறார் என்று பொருள். ஒரு ஊரின் அமைப்பைப் பிடித்துக்கொள்ள இரண்டு மணி நேரம் போதும் என்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. ஆனால் கட்டணம் உள்ள இடங்களுக்குள் பெரும்பாலும் போக மாட்டார்கள், வெளியே நின்று கதை சொல்வதோடு சரி.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. நியூயார்க்கில் 1992இல் லின் புரூக்ஸ் தொடங்கிய ‘பிக் ஆப்பிள் கிரீட்டர்’ முறை இன்று பல நாட்டு நகரங்களில் இருக்கிறது. உள்ளூர்த் தன்னார்வலர் ஒருவர், ஆறு பேர் வரையுள்ள குழுவைக் கட்டணம் வாங்காமல் தன் பேட்டையைச் சுற்றிக் காட்டுவார். அவரிடம் வரலாற்று ஆண்டுகளைவிட அந்தத் தெருவில் வாழ்வது எப்படி இருக்கும் என்று கேட்பது பொருத்தம். சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், ஆள் கிடைப்பார் என்ற உறுதி இல்லை.

ஆப்பும் பேருந்தும்

ஏறி இறங்கும் சுற்றுலாப் பேருந்து, நடக்க முடியாதவர்களுக்கும் மழை நாளுக்கும் சரி. நெரிசல் நேரத்தில் அதை வாகனமாக நம்பிப் போகாதீர்கள்.

ஆடியோ ஆப் எங்கே தோற்கிறது என்றால், உயரமான கட்டடங்களுக்கு நடுவே உள்ள குறுகிய சந்துகளில். ஜிபிஎஸ் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்புவதால் நீங்கள் பக்கத்துத் தெருவில் நிற்பதாகப் போன் நினைத்துக்கொள்ளும்; தவறான கட்டடத்துக்கான பேச்சு ஓடும். தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, நிறுத்தம் நிறுத்தமாகக் கையால் தட்டிப் போடுவது மேல். ஹோட்டல் வைஃபையிலேயே முழுப் பதிவையும் வரைபடத்தையும் இறக்கிவையுங்கள். சாலையில் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். ஒரு நிறுத்தத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் பேசும் பதிவுகளில் கவனம் நழுவும். வாங்கும் முன் மாதிரி கேட்டுப் பாருங்கள்.

அருங்காட்சியகத்துக்குள் மட்டும் ஆடியோ பல நேரங்களில் கைடை வெல்லும். பிடித்த படத்தின் முன் இருபது நிமிடம் நிற்க அது விடும்.

நடக்கும் கைடு, கார் ஓட்டும் கைடு

பழைய நகர மையத்தில் கார் சுமை. இறக்கிவிடும் இடம், நிறுத்தும் இடம், திரும்ப அழைக்கும் இடம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் கரையும். ஓட்டுநரே கைடு என்றால் இன்னொரு சிக்கல்: வண்டியை விட்டு அவர் நகர முடியாது. சாலையில் நன்றாகப் பேசுவார், வாசலில் இறக்கிவிட்டு “முக்கால் மணி நேரத்தில் வாருங்கள்” என்பார், உள்ளே நீங்கள் தனி. அவர் கூடவே உள்ளே வருவாரா என்று ஒரே வரியில் கேட்டுவிடுங்கள். இடங்கள் ஊருக்கு வெளியே சிதறியிருந்தால் தனி ஓட்டுநர், தனி கைடு என்று இருவர் வேண்டும்.

உரிமமும் உள்ளே பேசும் அனுமதியும்

பயணம் முழுவதும் கூடவே வந்து ஏற்பாடுகளைக் கவனிக்கும் டூர் மேனேஜர் வேறு, கைடு வேறு. 2003ஆம் ஆண்டின் ஐரோப்பியத் தரநிலையான இஎன் 13809, பொதுவாக ஒரு குறிப்பிட்ட பகுதிக்கான தகுதி பெற்று, அதன் பண்பாட்டையும் இயற்கையையும் விளக்குபவரைக் கைடு என்கிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியில் கைடு வேலைக்கு உரிமம் கட்டாயம். 2023 டிசம்பர்ச் சட்டம் அதற்கு நாடு தழுவிய தேர்வையும் பட்டியலையும் கொண்டுவந்தது. ஜப்பானில் நேர்மாறு: 2018 ஜனவரியிலிருந்து உரிமம் இல்லாதவரும் கட்டணம் வாங்கி வழிகாட்டலாம். பிரிட்டனில் ‘புளூ பேட்ஜ்’ மதிப்புள்ள தகுதி, ஆனால் அது இல்லாமல் தெருவில் வழிகாட்டுவது குற்றமில்லை. ஆகவே போகும் நாட்டின் விதியைத் தெரிந்துகொண்டு பேரம் தொடங்குங்கள். உரிமம் கட்டாயமான நாட்டில் அது இல்லாதவரை அமர்த்தினால், நினைவுச்சின்னத்து வாசலில் காவலர் அவரைத் தடுப்பார். அன்றைய காலை அங்கேயே முடிந்துவிடும்.

உரிமம் உள்ளவர்கூடப் பேச முடியாத இடங்கள் உண்டு. வாட்டிகனின் சிஸ்டைன் தேவாலயத்துக்குள் மௌனம் காக்க வேண்டும் என்பதால், கைடுகள் முன்கூட்டியே முற்றத்தில் உள்ள படப் பலகைகளின் முன் நின்று கூரை ஓவியத்தை விளக்கிவிடுவார்கள். ஆம்ஸ்டர்டாமின் ஆன் பிராங்க் இல்லத்துக்குள் கைடு டூரே கிடையாது. இப்படிப்பட்ட இடத்துக்கு கைடு நேரத்தைச் செலவழிக்காமல், அவர் போன பிறகு நீங்களே போய்க்கொள்ளலாம்.

‘வரிசை இல்லாமல் நுழைவு’ என்று யார் சொன்னாலும் தவிர்க்கப்படுவது டிக்கெட் வரிசை மட்டும். பாதுகாப்புச் சோதனையில் எல்லாரும் நிற்க வேண்டும். ரோமின் கொலோசியம், ஸ்பெயினின் அல்ஹம்பிரா போன்ற இடங்களில் டிக்கெட்டில் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் அனுப்புங்கள். விடுமுறை நாளையும் நீங்களே சரிபாருங்கள்: பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய், தாஜ்மகாலுக்கு வெள்ளி.

நேரடியாகவா, தளம் வழியாகவா?

முன்பதிவுத் தளங்கள் தொகையில் கணிசமான பங்கைக் கமிஷனாக எடுக்கின்றன. பதிலுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் வழி, பழைய வாடிக்கையாளர் கருத்துகள், கைடுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் ஆகியவை கிடைக்கும். நேரடியாக அமர்த்தினால் அதே தொகைக்குக் கூடுதல் நேரம் கிடைக்க வாய்ப்புண்டு, பேசித் திட்டம் போடவும் எளிது. அவர் வராவிட்டால் முறையிட ஆளில்லை. முன்பணத்தை முடிந்தவரை குறைவாகவும், கார்டிலும் கொடுங்கள்.

ஏஜென்சி வழியாக என்றால் ஒரு வரி கட்டாயம்: வரப்போகும் கைடின் பெயர் உறுதிச்சீட்டில் இருக்க வேண்டும். பெயர் இல்லாத சீட்டுக்கு, அன்று காலை சும்மா இருப்பவர் யாரோ அவர் வருவார்.

அனுப்ப வேண்டிய செய்தி

‘எல்லாம் காட்டுங்கள்’ என்று எழுதினால் தயார் சுற்றுதான் வரும். இப்படி எழுதுங்கள்:

“நாங்கள் நான்கு பேர்: நாற்பது வயதுக்காரர் இருவர், ஒன்பது வயதுப் பையன், எழுபது வயது அம்மா. அம்மா தொடர்ந்து இருபது நிமிடம் நடப்பார், படிக்கட்டு இரண்டு மாடி வரை முடியும். பழைய கட்டடங்களும் சந்தைகளும் பிடிக்கும், ஓவியம் குறைவாகப் போதும். இந்த இரண்டு இடங்கள் கட்டாயம் வேண்டும், இந்த இடத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று. காலை 8.30க்குத் தொடங்கி 12.30க்கு முடிக்க வேண்டும். பொருள் வாங்கும் கடைகளுக்கோ பட்டறைகளுக்கோ போக வேண்டாம். மழை வந்தால் மாற்று வழி என்ன?”

நான்கு மணி நேரத்தில் ஆறு நிறுத்தம் நல்ல கணக்கு. மேலே சொன்ன குடும்பத்துக்கு நான்கு. பத்து இடம் போட்டு வரும் திட்டத்தில் எதையும் பார்க்க மாட்டீர்கள், எல்லாவற்றின் முன்னும் படம் எடுத்துக்கொள்வீர்கள். கடை வேண்டாம் என்ற வரியையும் விடாதீர்கள். கமிஷனுக்காகக் கூட்டிப்போகும் கடை, பெரும்பாலும் ‘கைவினை எப்படிச் செய்கிறார்கள் என்று ஐந்து நிமிடம் பார்க்கலாம்’ என்ற பெயரில் வரும். அந்த ஐந்து நிமிடம் நாற்பதாகும்.

மொழியையும் சோதியுங்கள். இரண்டு நிமிடம் போனில் பேசினாலே அவருடைய ஆங்கிலம் உங்கள் அம்மாவுக்குப் புரியுமா என்று தெரிந்துவிடும். நீங்கள் நடுவில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும், அப்போது நிறுத்தங்களைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

அன்று காலையில்

அதிகம் பேசுகிறாரா, வேகமாக நடக்கிறாரா? முதல் அரைமணி நேரத்திலேயே சொல்லுங்கள். “கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கள், நாங்கள் கேள்வி கேட்கிறோம்” என்றால் நல்ல கைடு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். கடைசியில் மதிப்புரையில் கொட்டுவதால் உங்கள் காலை திரும்பி வராது. முடியும் முன் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, வரைபடத்தை அவர் கையில் கொடுத்து, கைடு இல்லாமல் பார்க்கத் தகுந்த இடங்களையும் எந்த நேரத்தில் கூட்டம் குறையும் என்பதையும் குறித்து வாங்குங்கள். அந்தக் குறிப்பு ஆடியோ ஆப்பில் இல்லை.

கப்பல் பயணிகள், ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே துறைமுகம் திரும்பும்படி திட்டத்தை எழுதச் சொல்லுங்கள். ரத்து விதியில் கைடு கட்டணம் வேறு, டிக்கெட் வேறு. 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன் சொன்னால் கட்டணம் திரும்பலாம், பெயர் போட்ட டிக்கெட்டின் பணம் பெரும்பாலும் திரும்பாது. பயணத் தேதி உறுதியாகாதவர்கள் கைடை முதலில் பதிவு செய்துவிட்டு, டிக்கெட் வாங்கும் கடைசி நாள் எது என்று அவரிடமே கேட்டு அதுவரை காத்திருக்கலாம்.