அறுபது கிலோ அறிவும் ஆடிச் சாரலும்

எங்கள் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போவதில்லை. ஐந்து ஆண்டுகளாக வீட்டில்தான் படிக்கிறார்கள். மகளுக்கு வயது 11, சின்னவனுக்கு 8. இப்படி வீட்டில் படிக்கவைக்கும் பெற்றோர் நாலு பேர் கூடினால், அச்சுக் கலைக்களஞ்சியம் வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சு வராமல் போகாது. நாங்கள் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாங்கியவள் எழுதுவதால் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

எங்களிடம் இருப்பது பிரிட்டானிக்கா என்ற ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் 15ஆம் பதிப்பு, 1994இல் அச்சானது, 32 தொகுதிகள். பழைய புத்தகக் கடையில் 6,000 ரூபாய்க்கு எடுத்தோம். புதிதாக வாங்க வழி கிடையாது. 2010 அச்சுதான் கடைசி என்று 2012 மார்ச்சில் அறிவித்துவிட்டார்கள். இன்றும் தாளில் வந்துகொண்டிருப்பது வேர்ல்டு புக். 22 தொகுதிகள், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்காகவே எழுதப்படுவது. நண்பர் வீட்டில் இரண்டு நாள் புரட்டியதோடு அதனுடன் என் பழக்கம் முடிந்துவிட்டது. சின்னவனுக்கு அதுதான் பொருத்தம் என்று பட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

இணையத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறதுதான். திரையில் கவனம் சிதறும் என்பதும் எல்லோரும் சொல்லிச் சலித்தது. இரண்டையும் விட்டுவிடுகிறேன்.

தகவல் பழசாகிவிடாதா என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். ஆகிவிடும். எங்கள் தொகுப்பில் புளூட்டோ இன்னும் ஒன்பதாவது கோள். தெலங்கானா என்றொரு மாநிலம் இல்லை. மகளிடம் ஒரு பென்சிலும் ஒரு கட்டுத் துண்டுச் சீட்டும் கொடுத்திருக்கிறேன். மாறிப்போன செய்தி கண்ணில் பட்டால் சரியானதைத் தேடிப் பிடித்து, சீட்டில் எழுதி, அந்தப் பக்கத்தில் செருக வேண்டும். புளூட்டோ பக்கத்தில் இருக்கும் சீட்டு: "2006 ஆகஸ்ட் 24 முதல் குறுங்கோள். பிராக் நகரில் வானியலாளர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்." அதைப் படித்த சின்னவன், "அப்படியென்றால் இதை எழுதியவர் பொய் சொன்னாரா?" என்று கேட்டான். அன்று காலைப் பாடம் முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போனது. பழசாவதைப் பெரிய குறையாக நான் நினைக்காததற்கு அந்தக் காலைப்பொழுது ஒரு காரணம்.

என்னை மூன்று ஆண்டுகளாகப் படுத்துவது ஈரம். வாங்கும்போது இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆனியில் தொடங்கினால் கார்த்திகை தாண்டும்வரை சுவர் முழுதாகக் காய்வதில்லை. முதல் ஆண்டு அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். ஆடிச் சாரலில் பின்பக்கம் பூசணம் பூத்து, கீழ்த்தட்டில் நாலு தொகுதிகளின் அட்டை உப்பிவிட்டது. அதைவிட மோசம் வண்ணப்பட ஏடுகள். எழுத்துப் பக்கம் நனைந்தால் சுருங்கும், அவ்வளவுதான். படங்கள் அச்சாகியிருக்கும் வழவழப்புத் தாள் அப்படியல்ல; ஈரம் ஏறிக் காய்ந்தால் பசை தடவியதுபோல் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிரிக்கப் போனால் படம்தான் உரிந்து வரும்.

அதற்குப் பிறகு அலமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல் மேல் நிற்கிறது. கீழ்த்தட்டில் புத்தகம் வைப்பதில்லை. இராமபாணப் பூச்சிக்கு பைண்டிங் பசை என்றால் உயிர். வசம்பைத் தட்டித் துணியில் முடிந்து தட்டுக்கு இரண்டாகப் போட்டிருக்கிறேன். ஓரளவு கேட்கிறது. மாதம் ஒருமுறை முப்பத்திரண்டையும் இறக்கித் துடைத்து, பக்கங்களைக் காற்றாட விசிறி, திரும்ப அடுக்க அரை நாள் பிடிக்கும். மொத்த எடை அறுபது கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வாடகை வீட்டில் இருப்பவர்கள் அடுத்த வீடு மாறும்போது இந்தப் பெட்டிகளைத் தூக்கப்போவது யார் என்று இப்போதே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

திருப்பி விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். ஒட்டிக்கொண்ட ஒரு தொகுதியை எடைக்குப் போட முடியுமா என்று பழைய பேப்பர்காரரைக் கேட்டேன். "அட்டையைக் கிழித்துக் கொடுத்தால் பேப்பர் விலை போடலாம், அக்கா" என்றார். ஆகவே, போனால் போகட்டும் என்று எவ்வளவு பணத்தை விட உங்களால் முடியுமோ, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு 6,000 அந்த எல்லைக்குள் இருந்தது. ஈரம் இறங்கும் வீடாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். மதுரை, சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இருக்காது என்று நினைக்கிறேன். அங்கே நான் வைத்துப் பார்த்ததில்லை.

பழைய பிரிட்டானிக்கா எடுப்பவர்கள் அச்சான ஆண்டைப் பார்க்காமல் பணத்தை நீட்ட வேண்டாம். 15ஆம் பதிப்பு 1974இல் வந்தபோது, எந்தச் செய்தி எந்தத் தொகுதியில் இருக்கிறது என்று காட்டும் பொருளடைவு இல்லாமல் வந்தது. குறை சொல்லாதவர் இல்லை. 1985இல் இரண்டு தொகுதிப் பொருளடைவைச் சேர்த்தார்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு தொகுதிகள்தான் உயிர்நாடி. உப்பைப் பற்றி மகள் தேடினாள். பொருளடைவு அவளை வேதியியலுக்கும், அங்கிருந்து சாலை வரலாற்றுக்கும், தண்டி யாத்திரைக்கும் அனுப்பியது. மேசையில் ஐந்து தொகுதிகள் விரிந்து கிடந்தன. தேடுபொறி முதல் விடையிலேயே அவளை நிறுத்தியிருக்கும். சின்னவனுக்கு இன்னும் குறுங்கட்டுரைகள் அடங்கிய மைக்ரோபீடியா 12 தொகுதிகள்தான் எட்டுகின்றன. நீண்ட கட்டுரைகள் உள்ள மேக்ரோபீடியா 17 தொகுதிகளில் அவன் படம் மட்டும் பார்க்கிறான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு இவை கைகொடுக்குமா என்பது மகள் அந்த வயதுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அச்சுத் தொகுப்புக்கு மாற்றாக இருப்பவற்றில் எனக்குப் பிடித்தது கிவிக்ஸ். விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கிக்கொண்டு இணையம் இல்லாமல் படிக்கும் வழி. பழைய மடிக்கணினி ஒன்றில் தமிழ் விக்கிப்பீடியாவைப் போட்டு, இணைய இணைப்பை நிறுத்தி வைத்திருக்கிறோம். இடமும் வேண்டாம், வசம்பும் வேண்டாம். மகளின் திருத்தச் சீட்டுகளில் பாதி அங்கிருந்து வந்தவை. தமிழில் ஒரு கட்டுரை ஆழமாக இருக்கும், அடுத்தது மூன்று வரியில் முடிந்துவிடும். ஒற்றைத் தொகுதிப் படக் களஞ்சியங்களும் இரண்டு வாங்கினோம்; பிள்ளைகள் ஒரு மாதத்தில் தீர்த்துவிட்டார்கள்.

தமிழிலேயே அச்சு வேண்டும் என்றால் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் தொகுப்புகள் இருக்கின்றன. பெ. தூரன் தலைமையில் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகவும், குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968 முதல் 1976 வரை இன்னொரு பத்தாகவும் வந்தன. முழுத் தொகுப்பாகக் கடைகளில் நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். குழந்தைகள் தொகுப்பின் முதல் தொகுதி வந்தபோது நிலவில் யாரும் கால் வைத்திருக்கவில்லை. அதற்கும் மகள் சீட்டு எழுத ஆசைப்படுகிறாள், திரையில் எங்கே செருகுவது என்றுதான் தெரியவில்லை.

எடைக்குப் போகாத அந்தத் தொகுதி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஒட்டிக்கொண்ட ஏடுகளின் விளிம்பில் ஒரு பறவையின் வாலும் பச்சை இலை ஒன்றும் மட்டும் தெரிகின்றன. உள்ளே இருப்பது என்ன பறவை என்று கண்டுபிடிக்கச் சின்னவன் ஒரு வாரமாகப் பொருளடைவில் ஒவ்வொரு பறவையாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.