மொரிஸ் மைனரைச் சரிக்கும் இரும்பு வளையம்: பாவித்துப் பார்த்தபின்

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்குக் கறள் எங்கே பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் கதவடிச் சில், முன் சீற்றுக்கு அடியில் குறுக்கே இருக்கும் கிறொஸ்மெம்பர், பின் வில்லுத்தகடு பிடித்திருக்கும் மூலை. எல்லாம் அடிப்பக்கம்தான். 1948 முதல் 1971 வரை வந்த இந்தக் காருக்குத் தனி அடிச்சட்டம் (சசி) கிடையாது, உடம்பேதான் அடிச்சட்டம். ஆகவே மேலால் ஒரு தகட்டை ஒட்டி மறைத்துவிட்டு ஓடமுடியாது, வெட்டி எடுத்துத்தான் புதுசு வைக்கவேண்டும். அதை மல்லாந்து படுத்தபடி செய்தால் உருகிய இரும்பு நேரே கழுத்துப் பட்டிக்குள் வரும்.

வெளிநாடுகளில் காரை இரண்டு தலைப்பிலும் பிடித்துச் சுழற்றும் ஸ்ராண்டுகள் விற்கிறார்கள். அதை இறக்குவிப்பது எனக்குக் கட்டுப்படியாகாது. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன வெல்டிங் பட்டறையில், காரைப் பக்கவாட்டில் உருட்டிச் சரித்து வைக்கும் வளையம் செய்வித்தேன். இரும்பும் கூலியுமாக அறுபதாயிரம் ரூபாய்க்குக் கிட்ட வந்தது.

அமைப்பு இதுதான். ஒரு பக்கத்து இரண்டு ரயர்ச் சில்லுகளையும் கழற்றிவிட்டு, அவை பூட்டியிருந்த ஹப் இரண்டிலும் பத்து மில்லிமீற்றர் தகடு பூட்டுகிறோம். மைனருக்கு நாலு அங்குல வட்டத்தில் நாலு ஸ்ரட் (சில்லு பூட்டும் திருகாணி). தகட்டிலிருந்து பொக்ஸ் பார் (சதுரக் குழாய்) கைகள் போய் வளைந்த இரும்புப் பட்டையைப் பிடிக்கும். பட்டை காருக்கு அடியில் தொடங்கி வெளிப்பக்கமாக மேலே ஏறும் கால்வட்டம். முன் வளையத்தையும் பின் வளையத்தையும் ஏழடிக்குச் சற்றுக் கூடிய இரண்டு பார்கள் இணைக்கின்றன.

நான் முதலில் கொண்டுபோன படத்தில் வளைவே இல்லை, வெறும் 'ட' வடிவம். பட்டறைத் தம்பி பார்த்த உடனே தலையாட்டினார். "அண்ணை, மூலை கூரா இருந்தா ஏத்தவும் கஷ்டம், ஏறினாப் பிறகு டக்கெண்டு விழுந்திடும். வட்டமா வையுங்கோ, தானா உருளும்." அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. வட்டத்தின் நடு காரின் பாரமையத்துக்குக் கிட்ட வந்தால் பாரத்தை மேலே தூக்கவே வேண்டாம், உருட்டினால் போதும். மைனரின் அகலம் ஐந்தடி ஓரங்குலம். அதற்கு ஐந்தரை அடிக்குச் சற்றுக் கூடிய விட்டம் எடுத்தோம். பட்டையை வளைத்துத் தந்தவர் வண்டில் சில்லுக்கு இரும்பு போடுகிற கொல்லர். அந்த வளைவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை ஹப் தகட்டில் இருந்தது. துளைகளை காஸ் சுவாலையால் வெட்டியிருந்தார்கள். எட்டில் மூன்று அங்குல ஸ்ரட் அதற்குள் ஆடியது, காரை அசைத்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு ஒரு காரைச் சரிக்க எனக்கு மனம் வரவில்லை. திருப்பிக் கொண்டுபோனேன். முகம் கொஞ்சம் கறுத்தாலும், லேத்தில் புதிதாகத் துளைத்த தகடு கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. இப்படி ஒன்று செய்விக்கப் போகிறவர்கள் வளைவைப் பார்த்து மயங்காமல் தகட்டையும் அந்த நீட்டுப் பார்களையும் பாருங்கள். பார் இல்லாவிட்டால் முன் ஹப் ஸ்ரியரிங்கோடு திரும்பும், பின் ஹப் அச்சில் சுற்றும், இரண்டு வளையமும் இரண்டு பக்கம் போகும்.

சரி, சரித்தது எப்படி? எஞ்சின், கியர்பொக்ஸ், பெற்றோல் ராங்க், பற்றரி, கண்ணாடி எல்லாம் கழற்றியாயிற்று. பிறேக் ஒயிலும் வடித்தாயிற்று. மைனரில் பிறேக் ஒயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே இருப்பதால் அதையும் வெளியே எடுத்துவிடுவது நல்லது, எப்படியும் அதைச் சுற்றித்தான் ஒட்டவேண்டியிருக்கும். முழுக்காரே ஏறக்குறைய 775 கிலோதான், வெறும் கூடாக்கியபின் மூன்று பேர் தள்ள உருண்டது. மற்றப் பக்கம் செயின் புளொக்கில் ஒரு வடம் இழுத்துப் பிடித்தபடி இருந்தது. அது இல்லாமல் செய்யவே வேண்டாம். எங்கள் முற்றம் செம்மண், பட்டை புதையும் என்று பனம்பலகை பரப்பினோம். உருண்டு முடிந்ததும் இரண்டு பக்கமும் ஆப்பு, கூரை ஓரத்துக்கு அடியில் பழைய ரயர்.

இந்த வளையம் தராத இரண்டு விஷயங்களை நீங்களே செய்யவேண்டும். ஒன்று, சஸ்பென்ஷனை அசையாமல் கட்டுவது. முன்பக்கத்தில் வில்லுக்குப் பதிலாக முறுகி வேலை செய்யும் ரோர்ஷன் பாரின் பின்முனை பிடித்திருப்பது அந்தக் கறள் பிடித்த கிறொஸ்மெம்பரில்தான். அதை வெட்டுமுன் பாரின் இறுக்கத்தை இறக்கிவிட வேண்டும், இறக்கினால் சஸ்பென்ஷனின் முன் கை தொங்கிப்போகும். தம்பியிடம் சொல்லி அதைப் பிடித்துக் கட்ட ஒரு தட்டைக் கம்பி செய்வித்தேன். இரண்டாவது, கதவு வாசலுக்குக் குறுக்கே பார் ஒட்டிவிட்டுத்தான் கதவடிச் சில்லை வெட்டலாம். மறந்தால் கார் நிமிர்ந்தபின் கதவு பூட்டாது.

பலன் என்னவென்றால், கதவடிச் சில்லின் அடி விளிம்பு இப்போது என் நெஞ்சுக்கு நேரே நிற்கிறது. பழைய தாரையும் மண்ணையும் இருந்தபடியே சுரண்டலாம், மிக் வெல்டிங்கின் ஒட்டு எவ்வளவு ஊடுருவியது என்று கண்ணால் பார்க்கலாம். யுத்த காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார் இது. அடியில் எத்தனை பேர் எத்தனை விதமாகத் தகடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று இப்போதுதான் முழுசாகக் கண்டேன். ஓரிடத்தில் பிஸ்கற் தகரமும் இருந்தது.

ஒரு சின்னத் துளை அடைக்கிறவருக்கு இந்தச் செலவு வீண், இரண்டு ஜாக் ஸ்ராண்டில் ஏற்றிப் படுத்துக்கொண்டு முடிக்கலாம். தளமும் கதவடிச் சில்லும் மாற்றுகிறவர் கட்டாயம் செய்விக்கவேண்டும். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்று குறைத்தது தகட்டுக்காக.

தகடுகளைக் கையோடு சேர்த்து ஒட்டவிடாமல் போல்ட்டில் பூட்டுவித்திருக்கிறேன். வேறு காருக்கு அந்த ஹப்பின் அளவில் வேறு தகடு துளைத்தால் போதும். பக்கத்து ஒழுங்கையில் ஓர் ஒஸ்ரின் கேம்பிரிஜ் நிற்கிறது, அதன் சொந்தக்காரர் அளவெடுக்க நாடாவோடு வந்துவிட்டுப் போயிருக்கிறார். அது மைனரைவிடப் பாரம், கைகளுக்குக் குறுக்கே இன்னுமொரு பார் போடாமல் கொடுக்கமாட்டேன்.