ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஒரு சின்ன லென்ஸ்: சும்மிக்ரானா, எல்மாரா, நாற்பதா?

லைக்கா எம் 6 என்ற ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் எப்போதும் மாட்டியே வைத்திருக்க ஒரே ஒரு லென்ஸ் வேண்டும், அது சிறியதாகவும் இருக்க வேண்டும் என்று தேடியபோது கடைசியில் மூன்று லென்ஸ்கள் மிஞ்சின. 1979இல் வந்த 50 மி.மீ. சும்மிக்ரான், எஃப் 2 (எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் ஒளி அதிகம்). குழாய் உள்ளே அமிழும் 50 மி.மீ. எல்மார்-எம், எஃப் 2.8. 1973இல் லைக்கா சி.எல். என்ற குட்டிக் கேமராவுக்காக வந்த 40 மி.மீ. சும்மிக்ரான்-சி, எஃப் 2. நான் வாங்கியது 50 மி.மீ. சும்மிக்ரான். இன்று மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன். என் சாய்வு அந்தப் பக்கம் என்பதை மனத்தில் வைத்தே மேலே படியுங்கள்.

கூர்மையைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 5.6க்குச் சுருக்கி ஃபிலிமில் எடுத்தால், எந்தப் படம் எந்த லென்ஸில் எடுத்தது என்று பிரிண்டைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. எடையில் 40 மி.மீ.தான் முதலிடம்: சுமார் 120 கிராம். எல்மார் சுமார் 170, சும்மிக்ரான் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கழுத்தில் நாள் முழுவதும் தொங்கவிட்டாலும் இந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை. வெளிச்சம் மங்கும் மாலையில் எஃப் 2க்கும் எஃப் 2.8க்கும் இடையிலுள்ள ஒரு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி) மட்டும் நன்றாகவே உறைக்கும். 400 ஒளியுணர்வுள்ள ஃபிலிமோடு வீட்டுக்குள் படம் எடுப்பவருக்கு அது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் பதினைந்தில் ஒரு நொடிக்கும் முப்பதில் ஒரு நொடிக்கும் உள்ள இடைவெளி. கை நடுக்கம் படத்தில் விழுவதும் விழாததும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. பார்ப்பது பக்கத்திலுள்ள தனி ஜன்னல் வழியாக. லென்ஸில் என்ன கோளாறு நேர்ந்தாலும் அந்த ஜன்னலில் காட்சி பளிச்சென்றே இருக்கும். லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருப்பவருக்கு லென்ஸ் கண்ணாடியில் மூட்டம் (மெல்லிய வெண்படலம்) கட்டினால் பார்வையே மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். லைக்காவின் டிஜிட்டல் எம் கேமரா வைத்திருப்பவர் பின்திரையில் படத்தைப் பார்த்துச் சந்தேகப்படலாம். ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் வைத்திருப்பவருக்கு அந்த இரண்டு வழியும் இல்லை. ரோல் முடிந்து, டெவலப் ஆகி, நெகட்டிவ் கைக்கு வரும்வரை லென்ஸ் வாய் திறக்காது. ஆகவே, எந்த லென்ஸ் தன் குறையை ஜன்னலுக்குப் பின்னால் ஒளித்துவைக்க இடம் குறைவோ, அதுவே நல்ல லென்ஸ் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கில் எல்மார் முதலில் தோற்கிறது. அழகான லென்ஸ் என்பதில் சந்தேகமே இல்லை. 1920களில் மாக்ஸ் பெரெக் வடிவமைத்த எஃப் 3.5 எல்மாரின் வம்சம்; 1957இல் எஃப் 2.8 ஆனது, 1990களின் நடுவில் எல்மார்-எம் என்று புதுப்பிறவி எடுத்து 2007 வரை இருந்தது. குழாயை உள்ளே தள்ளிவிட்டால் கேமரா சட்டென்று பைக்குள் போகும். ஆனால் படம் எடுப்பதற்கு முன் குழாயை வெளியே இழுத்துத் திருகிப் பூட்ட வேண்டும். பூட்ட மறந்தால் ஜன்னலில் எந்த எச்சரிக்கையும் வராது. ஃபோகஸ் காட்டும் இரட்டைப் பிம்பம் ஒழுங்காக ஒன்றுசேரும், ஷட்டர் ஒழுங்காக விழும், படம் மட்டும் முழுக்கக் கலங்கியிருக்கும். தெருவில் ஒரு கணத்தில் கேமராவைத் தூக்குபவருக்கு இது சரிப்படாது. எல்மாரின் சிறிய உருவம் கேமரா சும்மா இருக்கும்போது மட்டும் கிடைக்கும் சிறிய உருவம். வேலை செய்யும் நிலையில் அதற்கும் சும்மிக்ரானுக்கும் நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. லைக்கா எம் 5, சி.எல். வைத்திருப்பவர்கள் குழாயை உள்ளே தள்ளவே கூடாது. ஒளிமானியின் கரம் ஷட்டருக்கு முன்னால் நிற்கிறது, குழாய் அதை இடித்துவிடும்.

40 மி.மீ. வேறு விதத்தில் மறைக்கிறது. கொள்கை அளவில் அதுதான் உண்மையான ஸ்டாண்டர்ட் லென்ஸ், அதாவது குவியத்தூரம் ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டத்தை ஒட்டிய லென்ஸ். 24க்கு 36 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ.; 50ஐவிட 40 அதற்கு நெருக்கம். ஆனால் எம் 6இல் அதை மாட்டினால் ஜன்னலில் எழுவது படத்தின் எல்லையைக் காட்டும் 50, 75 மி.மீ. கோடுகள். 40க்கென்று கோடு கிடையாது. அந்த 50 கோடும் கிட்டத்துத் தூரத்துக்கென்று சுருக்கி வரைந்தது. தூரத்துக் காட்சியில் 50 மி.மீ. லென்ஸே கோட்டைத் தாண்டிப் பிடிக்கும், 40 அதற்கும் மேலே. கோட்டுக்கு வெளியே எவ்வளவு சேரும் என்று ஒவ்வொரு முறையும் மனத்தால் அளக்க வேண்டும். லென்ஸைக் கேமராவோடு பிணைக்கும் மவுண்ட்டின் காதை அராவி 35 மி.மீ. கோட்டை வரவழைப்பவர்கள் உண்டு. அந்தக் கோடு 40க்கு ஓரளவு பொருந்தவும் செய்யும். நல்ல லென்ஸ் மேல் அரத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை. 40 மி.மீ. கோடே உள்ள ஃபாக்ட்லேண்டர் பெஸ்ஸா ஆர் 3 ஏ கையில் இருந்தால் இந்தப் பத்தி முழுவதும் உங்களுக்குத் தேவையில்லை. தயங்காமல் 40ஐ வாங்குங்கள்.

சும்மிக்ரான்-சியில் இன்னொரு தொல்லை ஃபில்டர். சீரிஸ் 5.5 என்ற, திருகு மரை இல்லாத பழைய வட்டத்தை, பக்க வெளிச்சத்தை மறைக்கும் ரப்பர் ஹூட்டுக்கு அடியில் வைத்து மாட்ட வேண்டும். மினோல்டா சி.எல்.இ. கேமராவுக்கு வந்த 40 மி.மீ. எம்-ரொக்கர் லென்ஸ் சாதாரண 40.5 மி.மீ. திருகு ஃபில்டரை ஏற்கும், கண்ணாடியில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் புதியது. 40தான் வேண்டும் என்பவருக்கு அதையே சொல்வேன். நண்பர் ஒருவரின் எம்-ரொக்கரைச் சில ரோல்களுக்குப் பயன்படுத்தினேன், அவ்வளவுதான். பல வருடப் பராமரிப்பைப் பற்றி அதன் விஷயத்தில் என் பேச்சுக்கு எடை குறைவு.

பராமரிப்புதான் இதில் பெரிய பகுதி. நான் இருப்பது சென்னையில், கடலுக்குப் பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் நாட்கள் இங்கே சாதாரணம். லென்ஸுக்கு உகந்தது 40 முதல் 50 சதவீதம். இந்த ஊரில் லென்ஸுக்கு எதிரிகள் இருவர்: பூஞ்சை, மூட்டம். பூஞ்சை எல்லோருக்கும் தெரிந்தது, சிலந்தி வலைபோல் கிளைவிட்டுப் பரவும். மூட்டம் அதைவிட நயவஞ்சகமானது. ஃபோகஸ் மரையிலும் அபர்ச்சர் இதழ்களிலும் உள்ள எண்ணெய்ப்பசை மெல்ல ஆவியாகி, அருகிலுள்ள கண்ணாடியில் படலமாகப் படிகிறது. பெரும்பாலும் அபர்ச்சருக்கு முன்னும் பின்னும் உள்ள முகங்களில். படம் கலங்காது, கறுப்பு மட்டும் சாம்பலாகும். எதிர்வெளிச்சத்தில் படம் முழுவதும் பால் ஊற்றினாற்போல வெளிறும். அசட்டையாக விட்டுவிட்டால் பூச்சையும் அரித்துவிடும், அதன்பின் எந்தத் துடைப்பும் உதவாது.

1953ஆம் வருடத்து உள்ளமிழும் சும்மிக்ரானை நான் பட்டியலிலேயே சேர்க்காததற்கு இதுதான் காரணம். விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் உள்மூட்டத்துக்குப் பெயர்போன லென்ஸ் அது. முன்கண்ணாடியும் மிருதுவானது, பல பத்தாண்டுகள் கைக்குட்டையால் துடைத்த மெல்லிய கீறல்கள் இல்லாத ஒன்றைப் பார்ப்பது அரிது.

1979 சும்மிக்ரானை வால்டர் மாண்ட்லர் கனடாவின் மிட்லண்டில் வடிவமைத்தார். நான்கு குழுக்களில் ஆறு கண்ணாடிகள், நடுவில் அபர்ச்சர். முன்பாதியும் பின்பாதியும் அபர்ச்சருக்கு இருபுறமும் நிற்பதால், மூட்டம் கட்டும் இரண்டு முகங்களையும் தேர்ந்த பழுதுபார்ப்பவர் எட்டிவிட முடியும். என் லென்ஸ் வாங்கியபோது லேசான மூட்டத்தோடுதான் வந்தது. ஒருமுறை திறந்து துடைத்து, மரைக்குப் புதுக் கிரீஸ் வைத்த பிறகு மறுபடி வரவில்லை. குழாய் இழுபடுவதில்லை என்பதால் தேய்மானத்துக்கும் வழி குறைவு. 39 மி.மீ. ஃபில்டர் எளிதாகக் கிடைக்கிறது. கடற்காற்றில் உப்பும் வியர்வையும் படுவது அதன்மேல்தான், லென்ஸின் மேல் இல்லை. பத்து வருடம் கழித்தும் இதைத் திறக்கத் தெரிந்தவரும் மாற்றுப் பாகமும் கிடைக்கும் என்று நம்பக் காரணம் உண்டு: 1994இல் ஹூட்டை உடலோடு சேர்த்துச் சற்றுக் கனமாக்கினார்களே தவிர, உள்ளிருக்கும் கண்ணாடி அமைப்பை மாற்றவில்லை. விற்கும்போது விலை இறங்காததும் இதனால்தான்.

குறை ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சூரியன் சட்டத்துக்குச் சற்று வெளியே நின்றால் படத்தின் நடுவில் வெளிறல் விழும். எல்மாரில் மூன்றே குழுக்கள், காற்றைத் தொட்டு ஒளியை எதிரொளிக்கும் முகங்கள் எட்டுக்குப் பதில் ஆறு. இந்த இடத்தில் எல்மார்தான் மேல். ஹூட் போட்டாலும் சும்மிக்ரானில் இது முழுவதும் போவதில்லை. இதை மூட்டம் என்று நினைத்து லென்ஸைத் திறக்கக் கொடுத்துவிட வேண்டாம். மூட்டம் என்றால் எல்லாப் படங்களிலும் கறுப்பு வெளுக்கும். இது குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் வரும்.

பழையதை வாங்கப் போகிறவர்கள் ஒரு சிறிய டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். அபர்ச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் பாய்ச்சி, கறுப்புத் துணிக்கு எதிரே முன்பக்கம் பாருங்கள். தூசி பொட்டுப் பொட்டாகத் தெரியும், பரவாயில்லை. சீரான வெண்படலம் தெரிந்தால் சுத்தம் செய்யும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கிளைக்கோடு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தோல் உறையில் போட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சையை வளர்க்கும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி போதும். மழை மாதங்களில் ஜெல் நிறம் மாறியதும் வறுத்துத் திரும்பப் போட வேண்டும். மாதம் ஒருமுறை அதே டார்ச்சை எடுத்து அதே சோதனையைச் செய்யுங்கள், ஏனென்றால் ஜன்னல் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.